எட்டு ஓம் என்றால் எத்தனை ஓம்?

பல லட்சம் ரூபாய் கொடுத்து ஒரு ஜோடி ஸ்பீக்கர் வாங்கிவிட்டவர் அடுத்துக் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: “இதற்கு எத்தனை வாட் ஆம்ப்ளிஃபையர் போடலாம்?” கடைக்காரரும் ஓர் எண்ணைச் சொல்வார்; ஸ்பீக்கரின் கையேட்டிலும் 50 முதல் 300 வாட் வரை என்பதுபோல் அகலமான ஒரு வரம்பு அச்சிடப்பட்டிருக்கும். அந்த வரம்புக்குள் வரும் இரண்டு ஆம்ப்ளிஃபையர்களில் ஒன்று அதே ஸ்பீக்கரோடு நிதானமாகப் பாடுவதையும், மற்றொன்று மூச்சு வாங்குவதையும் கேட்டவர்களுக்கு அந்த எண் எவ்வளவு குறைவாகச் சொல்கிறது என்பது தெரியும். விடை அந்தக் கையேட்டிலேயே இருக்கிறது, ஆனால் வேறொரு வரியில். பவர்ஸ் அண்ட் வில்கின்ஸ் நிறுவனத்தின் 801 டி4 ஸ்பீக்கரை எடுத்துக்கொண்டால், அதன் விவரக்குறிப்பில் இம்பீடன்ஸ் (மாறும் மின்னோட்டத்துக்கு ஸ்பீக்கர் காட்டும் எதிர்ப்பு) 8 ஓம் என்றும், பக்கத்திலேயே குறைந்தபட்சம் 3 ஓம் என்றும் போட்டிருக்கும். ஆம்ப்ளிஃபையரைத் தீர்மானிக்க வேண்டியது அந்த இரண்டாவது எண்.

தமிழில் ஸ்பீக்கரை ‘ஒலிபெருக்கி’ என்று அழைத்துப் பழகிவிட்டோம். உண்மையில் அது எதையும் பெருக்குவதில்லை. தனக்குத் தரப்படும் மின்சாரத்தில் மிகச் சிறிய பங்கை ஒலியாகவும் மீதியை வெப்பமாகவும் மாற்றுகிறது. பெருக்கும் வேலை ஆம்ப்ளிஃபையருடையது. அதுவும் பெருக்குவது மின்னழுத்தத்தைத்தான். உள்ளே வரும் சிறிய வோல்ட்டை இருபது மடங்கோ முப்பது மடங்கோ ஆக்கி ஸ்பீக்கரின் முனைகளில் நிறுத்துவதோடு அதன் முதல் கடமை முடிகிறது. அந்த வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் மின்னோட்டம் ஓட வேண்டும் என்பதை ஸ்பீக்கர் தீர்மானிக்கிறது. கேட்ட அளவு கொடுக்க முடியுமா என்பதில்தான் ஆம்ப்ளிஃபையரின் தகுதி வெளிப்படுகிறது. முனைகளில் 20 வோல்ட் இருக்கிறது என்று கொள்வோம். 8 ஓம் ஸ்பீக்கர் அதற்கு 2.5 ஆம்பியர் இழுக்கும். திறன் 50 வாட். அதே 20 வோல்ட்டில் இம்பீடன்ஸ் 3 ஓமுக்கு இறங்கினால் மின்னோட்டம் 6.7 ஆம்பியர், திறன் 133 வாட். இரண்டும் ஒரே ஸ்பீக்கரில், ஒரே பாட்டில், வெவ்வேறு சுரங்களில் நிகழக்கூடியவை. பெட்டியில் ‘50 வாட்’ என்று எழுதியிருக்கும் ஆம்ப்ளிஃபையர் அந்த 6.7 ஆம்பியரைத் தருமா என்று பெட்டி சொல்வதில்லை.

இம்பீடன்ஸ் ஏன் இப்படி ஏறி இறங்குகிறது? ஸ்பீக்கர் என்பது வெறும் மின்தடை இல்லை. கீழ் ஒலிகளை எழுப்பும் வூஃபரின் கூம்பும் பெட்டிக்குள் அடைபட்ட காற்றும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஊஞ்சல்போல் தானாக ஆட விரும்பும். அங்கே இம்பீடன்ஸ் 20 ஓம், 30 ஓம் என்று மேலேறும். காற்றுத்துளை வைத்த பெட்டியாக இருந்தால் ஒன்றுக்குப் பதில் இரண்டு மேடுகளும் அவற்றுக்கு நடுவில் ஒரு பள்ளமும் இருக்கும். அதற்கு மேலே, பெரும்பாலும் 80 முதல் 200 ஹெர்ட்ஸ் வரையான பகுதியில், மேட்டிலிருந்து இறங்கிய வரைகோடு தாழ்வாகக் கிடக்கும். பெரிய ஸ்பீக்கர்களில் இரண்டு மூன்று வூஃபர்களை இணையாக இணைத்திருப்பதால் இந்தத் தாழ்வு இன்னும் ஆழமாகிறது. கீழ் ஒலியையும் மேல் ஒலியையும் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவரில் உள்ள மின்தேக்கிகளும் மின்தூண்டிகளும் தங்கள் பங்குக்கு நடுப்பகுதியில் ஒரு மேட்டையோ பள்ளத்தையோ சேர்க்கும். மிருதங்கத்தின் தொப்பி (இடப்பக்கம்), தபலாவின் இடப்பக்கம், டிரம்ஸின் கீழ் ஒலி, பாஸ் கிதார் என்று இசையில் அதிக ஆற்றல் கேட்பவை எல்லாம் அந்தத் தாழ்வுப் பகுதியிலேயே வந்து விழுகின்றன என்பதுதான் ஆம்ப்ளிஃபையரின் சிரமம்.

சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் தரநிலைப்படி, ஒரு ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் அதற்கெனக் குறிப்பிட்ட எண்ணில் 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. 8 ஓம் என்று சொன்னால் 6.4 ஓமுக்குக் கீழே போகக் கூடாது. 4 ஓம் என்றால் 3.2. அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் 3 ஓம் வரை இறங்கும் ஸ்பீக்கரை 4 ஓம் என்றுகூட அழைக்க முடியாது. உயர்தர ஸ்பீக்கர் தயாரிப்பாளர்கள் பலரும் இந்த விதியைத் தளர்த்திக்கொண்டே 8 ஓம் என்று போடுகிறார்கள். குறைந்தபட்ச எண்ணையும் சேர்த்து வெளிப்படையாக எழுதுபவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை; அதை எழுதாமல் ‘8 ஓம்’ என்று மட்டும் நிறுத்திக்கொள்பவர்களிடம்தான் வாங்குபவர் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

இம்பீடன்ஸின் அளவு பாதிக் கதைதான். மின்னழுத்தமும் மின்னோட்டமும் ஒரே நேரத்தில் உச்சத்தைத் தொடுகின்றனவா, முன்பின்னாகத் தொடுகின்றனவா என்பது மறுபாதி. இந்த முன்பின்னைக் கட்ட வேறுபாடு என்று பாடநூல்களில் படித்திருப்போம். வெறும் மின்தடையில் இரண்டும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். அதனால் மின்னோட்டம் உச்சத்தில் இருக்கும்போது அதில் பெரும்பகுதி ஆற்றல் ஸ்பீக்கருக்குப் போய்விடும், ஆம்ப்ளிஃபையரின் டிரான்சிஸ்டர்கள் மீது அப்போது அழுத்தம் குறைவாக இருக்கும். கட்ட வேறுபாடு வந்துவிட்டால், வெளியீட்டு மின்னழுத்தம் தாழ்ந்திருக்கும் நேரத்தில் பெரிய மின்னோட்டம் ஓடும். மீதி மின்னழுத்தம் முழுவதும் டிரான்சிஸ்டர்களின் குறுக்கே நிற்கும், அவை கொதிக்கும். பி வகுப்பில் (அலையின் மேல்பாதியை ஒரு டிரான்சிஸ்டரும் கீழ்ப்பாதியை மற்றொன்றும் ஏற்கும் முறையில்) இயங்கும் ஓர் ஆம்ப்ளிஃபையர் தன் முழு மின்னழுத்தத்தில் வேலை செய்வதாகக் கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தால், 45 பாகைக் கட்ட வேறுபாடு உள்ள 4 ஓம் சுமை, டிரான்சிஸ்டர்களின் உச்ச வெப்பத்தைப் பொறுத்தவரை சுமார் 1.4 ஓம் மின்தடைக்குச் சமம் என்று விடை வருகிறது. 4 ஓம் எங்கே, 1.4 எங்கே! பிரிட்டிஷ் எழுத்தாளர் கீத் ஹோவர்ட் 2007-இல் ‘ஸ்டீரியோஃபைல்’ இதழில் இந்தக் கணக்கை வாசகர்களுக்குப் புரியும்படி விளக்கி எழுதினார். அந்த இதழ் தான் மதிப்பிடும் ஸ்பீக்கர்களுக்கு இம்பீடன்ஸையும் கட்டத்தையும் ஒரே வரைபடத்தில் அளந்து வெளியிடுகிறது. அந்தப் படத்தில் தேட வேண்டியது, இம்பீடன்ஸ் கோடு தாழ்ந்து கிடக்கும் அதே இடத்தில் கட்டக் கோடு பூஜ்ஜியத்தை விட்டு வெகுதூரம் விலகியிருக்கிறதா என்பதை. இரண்டும் ஒரே அதிர்வெண்ணில், அதுவும் 100 ஹெர்ட்ஸை ஒட்டிச் சேர்ந்திருந்தால் அது கடினமான ஸ்பீக்கர், கையேட்டில் என்ன எழுதியிருந்தாலும்.

இந்தக் கடினத்தின் எல்லையைக் காட்டியது 1980-களில் அமெரிக்காவின் அபோஜி நிறுவனம் செய்த சின்டிலா என்ற ரிப்பன் ஸ்பீக்கர் (கூம்புக்குப் பதில் மெல்லிய உலோகப் பட்டை அதிரும் வகை). அதை 1 ஓம் சுமையாக இணைக்க முடியும். நாம் மேலே பார்த்த 20 வோல்ட்டை அதன் முனைகளில் வைத்தால் 20 ஆம்பியர் ஓட வேண்டும். திறன் 400 வாட். அன்றைய ஆம்ப்ளிஃபையர்களில் பெரும்பாலானவை அங்கே கைவிட்டுவிட்டன. டான் டி’அகோஸ்டினோ 1980-இல் தொடங்கிய கிரெல் நிறுவனத்தின் ஏ வகுப்பு ஆம்ப்ளிஃபையர்களுக்குக் கிடைத்த புகழில் ஒரு பெரும்பங்கு, இப்படிப்பட்ட சுமையிலும் அவை தளராமல் நின்றதால் கிடைத்தது. ஐம்பது, நூறு என்ற அவற்றின் வாட் எண்ணைப் பார்த்து யாரும் அசந்துவிடவில்லை. அந்த எண்ணுக்குப் பின்னால் இருந்த கனமான டிரான்ஸ்ஃபார்மரும், வரிசையாக அடுக்கிய வெளியீட்டு டிரான்சிஸ்டர்களும்தான் வேலையைச் செய்தன.

இதை வீட்டில் உட்கார்ந்தபடி மதிப்பிட ஒரு எளிய வழி உண்டு. நல்ல ஆம்ப்ளிஃபையர்களின் விவரக்குறிப்பில் 8 ஓமுக்கும் 4 ஓமுக்கும், சிலவற்றில் 2 ஓமுக்கும் தனித்தனியாகத் திறன் கொடுக்கப்பட்டிருக்கும். மின்னழுத்தம் சற்றும் தளராத ஆம்ப்ளிஃபையர் 8 ஓமில் 100 வாட் தந்தால் 4 ஓமில் 200, 2 ஓமில் 400 தர வேண்டும். அச்சுப் பிசகாமல் இரட்டிப்பாவது அபூர்வம். 100, 180, 300 என்று போனால் அது உறுதியான மின்வழங்கல் உள்ள கருவி என்று நம்பலாம். 8 ஓமில் 100, 4 ஓமில் 130 என்று நின்று, 2 ஓம் பற்றிப் பேச்சே இல்லை என்றால் மின்வழங்கல் தளர்கிறது அல்லது பாதுகாப்புச் சுற்று மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துகிறது என்று பொருள். அந்த ஆம்ப்ளிஃபையர் கெட்டது என்று சொல்லவில்லை; சுலபமான ஸ்பீக்கரோடு அது பல ஆண்டுகள் நன்றாகவே பாடும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: இரட்டிப்பு அழகாகத் தெரிய வேண்டும் என்பதற்காக 8 ஓம் எண்ணை வேண்டுமென்றே குறைத்து எழுதும் வழக்கமும் இந்தத் துறையில் இருக்கிறது. ஆகவே 4 ஓம் எண்ணை அதன் சொந்த மதிப்பிலேயே பார்ப்பது நல்லது.

வாட் எண்ணின் நம்பகத்தன்மை பற்றியும் ஒரு வார்த்தை. தொண்ணூறுகளில் நம் ஊர்க் கடைகளில் கையில் தூக்கிச் செல்லும் டேப் ரெக்கார்டரின் முகப்பில் ‘1000 வாட் பிஎம்பிஓ’ (கண நேர உச்சத் திறன்) என்று ஒட்டியிருந்த வெள்ளிநிறத் தாள் பலருக்கும் நினைவிருக்கும். பத்து வாட்கூடத் தொடர்ந்து தராத கருவிகளில் அதைப் பார்த்திருக்கிறோம். அமெரிக்காவிலும் அறுபதுகளில் இதே நிலைதான் இருந்தது. அங்கே கூட்டாட்சி வணிக ஆணையம் 1974-இல் ஒரு விதி கொண்டுவந்து, வீட்டு ஆம்ப்ளிஃபையர்களின் திறனைத் தொடர் இயக்கத்தில் அளந்தே விளம்பரப்படுத்த வேண்டும் என்றது. 2024-இல் அந்த விதியைத் திருத்தி, 8 ஓம் சுமையில், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, ஒரு சதவீதத்துக்கும் குறைவான சிதைவில் என்று அளவீட்டு நிலைகளை ஒரே மாதிரி ஆக்கியது. விவரக்குறிப்பில் இந்த மூன்றும், அதாவது சுமை, அதிர்வெண் வரம்பு, சிதைவு ஆகியவை, சேர்ந்து சொல்லப்படாத வாட் எண்ணை ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளவே கூடாது.

சரி, எவ்வளவு திறன் உண்மையில் வேண்டும்? இதற்கு ஸ்பீக்கரின் உணர்திறன், அறை, கேட்கும் பழக்கம் மூன்றும் தெரிய வேண்டும். உணர்திறன் என்பது 2.83 வோல்ட் கொடுத்து ஒரு மீட்டர் தூரத்தில் அளந்த டெசிபெல். 2.83 வோல்ட் 8 ஓமில் 1 வாட் ஆகிறது. 4 ஓமில் அதே வோல்ட் 2 வாட். ஆகவே 4 ஓம் ஸ்பீக்கர் ஒன்றின் 90 டெசிபெல், ஒரு வாட்டுக்கு 87 தான். இரண்டு ஸ்பீக்கர்களை ஒப்பிடும்போது இந்த 3 டெசிபெல் சத்தமில்லாமல் ஒளிந்துகொள்ளும்.

என் அறையின் கணக்கையே போடுகிறேன். ஸ்பீக்கர் 86 டெசிபெல். நான் உட்காருவது மூன்று மீட்டர் தள்ளி. திறந்தவெளியாக இருந்தால் அந்தத் தூரத்தில் 9.5 டெசிபெல் குறையும். சிமெண்ட் சுவரும் டைல்ஸ் தரையும் உள்ள அறையில் எதிரொலி திரும்பி வருவதால் குறைவு 6 என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு ஸ்பீக்கர்கள் சேர்ந்து 3 டெசிபெல் கூட்டும். ஆக, 2.83 வோல்ட்டுக்கு என் காதில் 83. கச்சேரிப் பதிவைச் சராசரி 80 டெசிபெல்லில் கேட்கிறேன். அப்படியானால் பாடகரின் குரலுக்கும் தம்பூராவுக்கும் ஒரு வாட்டுக்குள் போதும். ஆனால் அழுத்திச் சுருக்காத நல்ல பதிவில் மிருதங்க அடியின் முனை சராசரியைவிட 20 டெசிபெல் மேலே போகும். 100-ஐத் தொட வேண்டும். இன்னும் 17 டெசிபெல் வேண்டும். மின்னழுத்தம் ஏழு மடங்காக வேண்டும். 20 வோல்ட். மேலே 50 வாட், 133 வாட் என்று கணக்கிட்ட அதே 20 வோல்ட்தான் இது. ஒரு வாட்டுக்கும் குறைவாக ஓடிக்கொண்டிருக்கும் ஆம்ப்ளிஃபையர் ஒரே ஒரு ‘தோம்’ என்ற அடிக்கு, நொடியில் ஆயிரத்தில் சில பங்கு நேரத்துக்கு, நூறு வாட்டுக்கு மேல் தாவ வேண்டியிருக்கிறது. நல்ல ஜோடிக்கும் சுமாரான ஜோடிக்கும் உள்ள வேறுபாடு குரலில் தெரியாமல் இந்த அடியில் தெரிவதற்கு இதுவே காரணம்.

என்னிடம் முன்பு இருந்த ஆம்ப்ளிஃபையரில் இதை நேரிலேயே பார்த்தேன். 8 ஓமுக்கு 80 வாட், ஒல்லியான அழகான பெட்டி. 4 ஓம் எண் கையேட்டிலேயே இல்லை. ஸ்பீக்கரோ 4 ஓம், 100 ஹெர்ட்ஸை ஒட்டி 3 ஓமுக்கும் கீழே இறங்குவது. ராகமும் நிரவலும் குறையில்லாமல் போகும். மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனம் சூடுபிடித்து, அதை முடிக்கும் மோரா நெருங்கும்போது தொப்பியின் அடி முதலில் உருண்டை இழந்து அட்டைப்பெட்டியைத் தட்டுவதுபோல் தட்டையாகும். கொஞ்ச நேரத்தில் உள்ளே ஸ்பீக்கரைத் துண்டிக்கும் ரிலே ‘டக்’ என்று விழுந்து முழு அமைதி. மேல்தட்டில் கை வைத்தால் இரண்டு நொடிக்கு மேல் வைக்க முடியாது. ஸ்பீக்கர் பழுதென்று முதலில் நினைத்தேன். பிறகு ஒரு நண்பரிடமிருந்து 8 ஓமுக்கு 60 வாட், 4 ஓமுக்கு 115 வாட் என்று போட்டிருந்த பழைய கனமான ஆம்ப்ளிஃபையரை இரவல் வாங்கி இணைத்தபோது, எண்ணில் சிறியதான அந்தக் கருவி அதே தனியை அதே அளவில் கடைசி அடி வரை வாசித்து முடித்தது. இரவல் வாங்கியது இன்றும் என் வீட்டில்தான் இருக்கிறது, பணம் கொடுத்துவிட்டேன்.

தட்டையாவதைத் துறையில் கிளிப்பிங் என்பார்கள். ஆம்ப்ளிஃபையர் தன் மின்னழுத்த எல்லையை முட்டும்போது அலையின் உச்சி வெட்டுப்படுகிறது. சிறிய ஆம்ப்ளிஃபையரால் பெரிய ஸ்பீக்கரின் ட்வீட்டர் (மேல் ஒலிகளை எழுப்பும் பகுதி) எரிந்துபோகக் காரணமும் இதன் தொடர்ச்சிதான்: உச்சி வெட்டப்பட்ட பிறகும் ஒலியளவைக் கூட்டிக்கொண்டே போனால் கீழ் ஒலிகள் மேலே போக முடியாமல் நிற்க, மேல் ஒலிகளின் சராசரித் திறன் மட்டும் ஏறிக்கொண்டே போகும். ட்வீட்டரின் மெல்லிய சுருள் அதைத் தாங்காது. தேவைக்கு இரு மடங்கு திறன் வைத்துக்கொள்வதில் தவறில்லை என்பதற்கு இது ஒரு காரணம். ஆனால் இரு மடங்கு வாட் என்பது வெறும் 3 டெசிபெல் என்பதையும் மறக்கக் கூடாது. 100-லிருந்து 120 வாட்டுக்கு மாறக் கூடுதல் பணம் கொடுப்பவர் ஒரு டெசிபெல்லைக்கூட வாங்குவதில்லை.

இனி, டிரான்சிஸ்டருக்குப் பதில் பழைய வெற்றிடக் குழாய்களால் இயங்கும் வால்வு ஆம்ப்ளிஃபையர் பக்கம் வருவோம். அதன் ஒலியில் ஒரு இதம் இருக்கிறது என்று கேட்டவர்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை. அந்த இதம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு அளக்கக்கூடிய விளக்கம் ஒன்று இருக்கிறது. டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையரின் வெளியீட்டு இம்பீடன்ஸ் பெரும்பாலும் 0.1 ஓமுக்கும் குறைவு. வால்வில், அதிலும் பின்னூட்டம் (வெளியீட்டின் ஒரு பங்கைத் திருப்பிக் கொண்டுவந்து பிழையைத் திருத்தும் ஏற்பாடு) குறைவாக வைத்த வால்வில், அது 2 ஓம் வரை இருக்கலாம். இந்த 2 ஓம் ஸ்பீக்கரோடு தொடராக நின்று மின்னழுத்தத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும். ஸ்பீக்கர் 20 ஓமாக இருக்கும் அதிர்வெண்ணில் 91 சதவீத மின்னழுத்தம் அதற்குக் கிடைக்கும். 3 ஓமாக இருக்கும் அதிர்வெண்ணில் 60 சதவீதம்தான். டெசிபெல்லில் சொன்னால் இரண்டுக்கும் இடையே 3.6 வேறுபாடு. ஸ்பீக்கர் வடிவமைப்பாளர் அரை டெசிபெல்லுக்காக மாதக்கணக்கில் கிராஸ்ஓவரோடு மல்லுக்கட்டியிருப்பார். ஆம்ப்ளிஃபையர் மாற்றியதும் அந்த உழைப்பின்மீது 3.6 டெசிபெல் மேடுபள்ளம் வந்து உட்காருகிறது. சில ஸ்பீக்கர்களில் அந்த மேடுபள்ளம் காதுக்கு இனிமையாக அமைந்துவிடும், சிலவற்றில் அடி ஒலி ஊதிப்போய் நடுப்பகுதி உள்வாங்கும். ஆகவே ‘வால்வு எப்படி ஒலிக்கும்’ என்ற கேள்விக்கு ஸ்பீக்கரைச் சொல்லாமல் பதில் கிடையாது.

1985-இல் அமெரிக்க வடிவமைப்பாளர் பாப் கார்வர் இதைச் சவாலாகவே எடுத்துக்கொண்டார். ‘ஸ்டீரியோஃபைல்’ ஆசிரியர்கள் தேர்ந்தெடுத்த விலையுயர்ந்த ஆம்ப்ளிஃபையர் ஒன்றின் ஒலியைத் தன் மலிவான டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையரில் கொண்டுவந்து காட்டுவதாகச் சொல்லி, இரண்டின் வெளியீட்டையும் ஸ்பீக்கர் இணைத்த நிலையிலேயே ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து, மிஞ்சும் வேறுபாட்டைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே போனார். முடிவில் ஆசிரியர்களால் இரண்டையும் பிரித்தறிய முடியவில்லை. அதற்கு முன்பே 1978-இல் இங்கிலாந்தின் ‘ஒயர்லெஸ் வேர்ல்ட்’ இதழில் வெளியான, ஜேம்ஸ் மோயர் நடத்திய சோதனையில், குவாட் நிறுவனத்தின் வால்வு ஆம்ப்ளிஃபையர் ஒன்றையும் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையர்கள் இரண்டையும் எது என்று சொல்லாமல் மாற்றி மாற்றி ஒலிக்கவிட்டபோதும் கேட்டவர்களால் நம்பகமாக வேறுபடுத்த முடியவில்லை. எல்லா ஆம்ப்ளிஃபையரும் ஒன்றே என்று இதிலிருந்து முடிவு கட்டுவது அவசரம். தன் எல்லைக்குள், தனக்குப் பொருந்திய சுமையோடு, ஒலியளவு சமமாக வைக்கப்பட்ட நல்ல ஆம்ப்ளிஃபையர்களுக்கு இடையே வேறுபாடு மிகச் சிறிது என்பதுவரை சொல்லலாம். அந்த எல்லையைத் தாண்ட வைப்பதும், பொருந்தாத சுமையாக அமைவதும் ஸ்பீக்கர்தான்.

குவாட் பற்றிப் பேச்சு வந்ததால் இன்னொன்று. அதன் நிறுவனர் பீட்டர் வாக்கர் 1957-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த மின்நிலை ஸ்பீக்கரை, பலரும் இன்றும் பழுதுபார்த்துப் பாதுகாத்துக் கேட்கிறார்கள். அதில் கூம்பு இல்லை. மெல்லிய படலம் ஒன்று உயர் மின்னழுத்தத்தில் இரண்டு தட்டுகளுக்கு நடுவே அசைகிறது. மின்சாரக் கண்ணில் அது ஏறக்குறைய ஒரு மின்தேக்கி. அதனால் மேலே சொன்னதெல்லாம் அங்கே தலைகீழ்: அடி ஒலியில் இம்பீடன்ஸ் உயரமாக இருக்கும், மேலே போகப் போக இறங்கி 20 கிலோஹெர்ட்ஸ் அருகில் 2 ஓமுக்கும் கீழே போய்விடும். வெளியீட்டு இம்பீடன்ஸ் அதிகமுள்ள வால்வு ஆம்ப்ளிஃபையரை இணைத்தால் மேல் ஒலி மங்கும்; தாங்காத டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையரை இணைத்தால் அது நிலைகொள்ளாமல் தானாகவே அதிரத் தொடங்கலாம். திறன் அதிகமானாலும் ஆபத்து. அந்த ஸ்பீக்கரின் உள்ளீட்டு உச்சம் 33 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. 100 வாட் ஆம்ப்ளிஃபையர் 8 ஓம் கணக்கில் 40 வோல்ட் உச்சம் தரும். தாண்டினால் படலத்துக்கும் தட்டுக்கும் இடையே பொறி பறந்து, துளை விழும். வாக்கர் அந்த ஸ்பீக்கரைத் தன்னுடைய 15 வாட் வால்வு ஆம்ப்ளிஃபையரான குவாட் 2-ஐ மனதில் வைத்தே வெளியிட்டார். விலை உயர்ந்த, திறன் மிகுந்த ஆம்ப்ளிஃபையரைக் கொடுத்து ‘மேம்படுத்த’ நினைத்தவர்கள் பலர் அதைக் கொன்றிருக்கிறார்கள்.

பிபிசி, ஒலிபரப்பைக் கேட்டுச் சரிபார்க்கும் தன் சிறிய இடங்களுக்காக எழுபதுகளில் வடிவமைத்த எல்எஸ் 3/5ஏ இன்னொரு விதமான பாடம். உணர்திறன் 83 டெசிபெல் அளவில், மிகக் குறைவு. ஆனால் முதல் வடிவத்தின் இம்பீடன்ஸ் 15 ஓம். மின்னோட்டம் அதிகம் கேட்காது, மின்னழுத்தம்தான் கேட்கும். தாங்கும் திறன் 25 வாட் அளவில். அதற்குப் பெரிய ஆம்ப்ளிஃபையர் எவ்வளவு தந்தாலும் என் அறையில் 97 டெசிபெல்லை ஒட்டி அதன் எல்லை வந்துவிடும். மறுமுனையில், பால் கிளிப்ஷ் 1946-இல் செய்யத் தொடங்கிய கிளிப்ஷ்ஹார்ன் மூலைக் கொம்பு ஸ்பீக்கருக்கு நிறுவனம் கூறும் உணர்திறன் 105 டெசிபெல். எட்டு வாட் தரும் ஒற்றை 300பி வால்வு அதற்குத் தாராளம். அங்கே தேட வேண்டியது நிசப்தம். மின்னழுத்தப் பெருக்கம் அதிகமான ஆம்ப்ளிஃபையரின் சிறு இரைச்சல்கூட அந்தக் கொம்பின் வழியாக அறை முழுவதும் கேட்கும்.

டேம்பிங் ஃபேக்டர் என்ற எண்ணுக்கு விளம்பரங்களில் தரும் இடம் அதிகம். 8 ஓமை வெளியீட்டு இம்பீடன்ஸால் வகுத்தால் வருவது அது. 1000 என்று போட்டிருப்பார்கள். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் ஐந்து மீட்டர் தூரம் போய்த் திரும்பினாலே 0.12 ஓம் சேர்ந்து, அந்த ஆயிரம் ஸ்பீக்கர் முனையில் 65-க்கும் கீழே ஆகிவிடும். வூஃபரின் சுருளுக்குள்ளேயே 5, 6 ஓம் மின்தடை எப்போதும் இருக்கிறது. இருபது முப்பதுக்கு மேல் இந்த எண்ணைத் துரத்துவதில் பயனில்லை. கம்பியைச் சற்றுத் தடிமனாகப் போடுவது மலிவான, உறுதியான வழி.

வகுப்புகளைப் பொறுத்தவரை, ஏ வகுப்பு ஆம்ப்ளிஃபையர் பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் முழு மின்சாரத்தை எடுத்து வெப்பமாக்கிக்கொண்டே இருக்கும். குளிர்காலத்தில் அறையைச் சூடாக்க வேண்டிய ஊரில் அது வரவு. சென்னை மே மாதத்தில், 300 வாட் வெப்பத்தை அறைக்குள் விட்டுவிட்டு அதை வெளியேற்றக் குளிர்சாதனத்தையும் ஓட்டி, அந்தக் குளிர்சாதனத்தின் இரைச்சலுக்கு நடுவே மெல்லிய தம்பூராவைத் தேடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஏ-வுக்கும் பி-க்கும் இடைப்பட்ட ஏபி வகுப்பு பெரும்பாலோருக்குப் பொருந்தும். டிரான்சிஸ்டர்களை மிக வேகமாகத் திறந்து மூடி இயக்கும் டி வகுப்பை ஒரு காலத்தில் சப்-வூஃபருக்கு மட்டும் என்று ஒதுக்கினார்கள். அதற்கு நியாயமும் இருந்தது. வெளியீட்டு வடிகட்டி பின்னூட்டத்துக்கு வெளியே இருந்ததால் ஸ்பீக்கரின் இம்பீடன்ஸுக்கு ஏற்ப மேல் ஒலி ஏறி இறங்கியது. பெல்ஜியத்தைச் சேர்ந்த புருனோ புட்ஸேஸ், முதலில் பிலிப்ஸிலும் பிறகு ஹைபெக்ஸ், பியூரிஃபை நிறுவனங்களிலும் செய்த சுற்றுகளில், வடிகட்டிக்குப் பின்னாலிருந்து பின்னூட்டம் எடுத்து அந்தக் குறையைத் தீர்த்தார். இன்று அந்த வகைச் சுற்றுகள் கொண்ட ஆம்ப்ளிஃபையர்கள் கடினமான 4 ஓம் ஸ்பீக்கர்களையும் கை சுடாமல் இயக்குகின்றன. நம் வெயிலுக்கும் மின்கட்டணத்துக்கும் அவை முதலில் பார்க்கத் தக்கவை என்பது என் தீர்மானமான எண்ணம்.

ஆம்ப்ளிஃபையருக்கு ஸ்பீக்கர் விலையில் பாதி செலவழிக்க வேண்டும், சமமாகச் செலவழிக்க வேண்டும் என்றெல்லாம் விகிதம் சொல்வார்கள். மின்னோட்டத்துக்கு விலைப்பட்டியல் தெரியாது. சுலபமான இம்பீடன்ஸும் 90 டெசிபெல் உணர்திறனும் உள்ள விலையுயர்ந்த ஸ்பீக்கருக்கு மிதமான ஆம்ப்ளிஃபையர் போதும்; 3 ஓமுக்கு இறங்கும் நடுத்தர விலை ஸ்பீக்கர் தன் விலையைவிட அதிக விலையுள்ள ஆம்ப்ளிஃபையரைக் கேட்கலாம்.

இரண்டை ஒப்பிட்டுக் கேட்கும் வாய்ப்புக் கிடைத்தால், முதலில் ஒலியளவைச் சமமாக்க வேண்டும். காதால் சமமாக்க முடியாது. சற்றே சத்தமான கருவியை ‘தெளிவானது’ என்று காது சொல்லிவிடும். 100 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரை மாற்றுமின்னழுத்த நிலையில் வைத்து, ஒன்றில் 2.00 வோல்ட் என்றால் மற்றதிலும் 2.00 வோல்ட்டாக ஒலியளவைத் திருக வேண்டும். மலிவான மீட்டர்கள் உயர்ந்த அதிர்வெண்களில் தவறாகக் காட்டும் என்பதால்தான் 100 ஹெர்ட்ஸ். 2.05 என்று விட்டாலே 0.2 டெசிபெல் வந்துவிடும். அதன் பிறகு கடையில் கொடுக்கும் மாதிரிப் பாட்டை ஒதுக்கிவிட்டு, உங்களுக்குத் தெரிந்த கச்சேரிப் பதிவு ஒன்றை, நீங்கள் வழக்கமாகக் கேட்கும் அளவைவிட ஒரு படி கூட்டி, தனி ஆவர்த்தனத்திலிருந்து தொடங்கி அரை மணி நேரம் ஓடவிடுங்கள். முதல் ஐந்து நிமிடத்தில் கேட்ட தொப்பியும் கடைசி மோராவில் கேட்கும் தொப்பியும் ஒரே உருண்டையோடு இருக்கின்றனவா என்று கவனித்துவிட்டு, எழுந்து போய் ஆம்ப்ளிஃபையரின் பக்கவாட்டில் வெப்பத்தை வெளியேற்றும் ஹீட் சிங்க் மீது உள்ளங்கையை வைத்துப் பாருங்கள்.